வண்டி கிளம்பவில்லையா? குற்றம் பாட்டரியில்தானா?

மும்பையில் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால், தாராவியிலும் சயானிலும் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். இரவெல்லாம் தெருவில் நனைந்து நின்ற பழைய மாருதி வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அது இட்லி மாவு ஏற்றும் ஆம்னியாக இருந்தால், அன்றைய வியாபாரம் போச்சு!

"பாட்டரி செத்துப் போச்சு, புதுசு போடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கடனோ உடனோ வாங்கிச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பாட்டரி மாட்டுவார் வண்டிக்காரர். நாலு நாளில் வண்டி மறுபடியும் படுத்துக்கொள்ளும். குற்றம் வேறு இடத்தில் இருந்தால் புது பாட்டரி என்ன செய்யும்?

சத்தமே சொல்லும்

சாவியைத் திருப்பும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்து, விளக்கும் மங்கினால் பாட்டரியில் கரண்ட் குறைவு. அல்லது அதன் முனையில் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ப் மோட்டார் எப்போதும் போல் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? பாட்டரி மீது பழி போட வேண்டாம். பிளக்கில் பொறி வரவில்லை. அல்லது பெட்ரோல் வரவில்லை.

மழைக்காலத்தில் பொறி வராததற்கு முக்கிய காரணம் ஈரம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, ஆம்னி வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு. 2023 அக்டோபரில் மும்பைச் சாலையை விட்டு விடைபெற்ற பத்மினி டாக்சியிலும் இதே அமைப்புதான். காயிலில் உண்டாகும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல், மூடியில் கோத்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். செலவு ஒரு காசு இல்லை. புதிய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அங்கே மெக்கானிக்கிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

14 வோல்ட் கணக்கு

பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? நெகடிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். தண்ணீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. காயவிட்டு, இறுக்கி மாட்டி, வாசலின் தடவினால் போதும். மாட்டும்போது நெகடிவ் கடைசி.

இதற்கும் அடங்காவிட்டால் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில், நிறைந்த பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அநேகமாகக் காலி. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை. புது பாட்டரியை நாலு நாளில் சாகடிப்பது இதுதான்! கடைக்காரர் இதை அளந்து காட்டாமல் பாட்டரியை விற்க வந்தால், பணத்தை எடுக்காதீர்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் எடுப்பவர்கள், பாசிட்டிவ்வைப் பாசிட்டிவ்வோடு சேர்த்த பிறகு, நெகடிவ் ஒயரின் கடைசி முனையைச் செத்த பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.