முதலில் முள், கடைசியில் ராட்

1952 செப்டம்பர் 13. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷையர் பகுதியில் உள்ள ரெட்மையர் என்ற சிறு குளத்தில் ரிச்சர்ட் வாக்கரின் தூண்டிலில் ஒரு கெண்டை சிக்கியது. எடை 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிப்பது நடக்காத காரியம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மீன் உயிரோடு லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குப் போனது. 'கிளாரிசா' என்று பெயர் பெற்று 1971 வரை அங்கே வாழ்ந்தது.

வாக்கர் ஒரு பொறியாளர். மூங்கிலைப் பிளந்து ஒட்டி, கெண்டைக்கென்றே அவர் வடிவமைத்த 10 அடி நீள 'மார்க் 4' ராட்தான் அன்று அவர் கையில் இருந்தது. தூண்டிலில் மீன் கடித்ததும் ஒலிக்கும் மின் அலாரத்துக்கும் முன்னோடி அவரே. இன்று இங்கிலாந்தின் தூண்டில் கடைகளில் அந்த வரிசையில் வந்த பொருள்கள் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. புதிதாக வருபவர் நேராக ராட் இருக்கும் பக்கம் போகிறார். விலை உயர்ந்த ராட், மூன்று அலாரம், அவற்றை நிறுத்த ஒரு தாங்கி என்று வாங்கி முடித்ததும் கையில் மிச்சமிருக்கும் சில்லறைக்கு முள்ளையும் நரம்பையும் எடுக்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மீனின் வாயில் படும் பொருளிலிருந்து வாங்கத் தொடங்கினால் செலவும் குறையும், மீனும் பிழைக்கும்.

ஏன் என்பது கெண்டை சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் புரியும். அதன் தாடையில் பல் கிடையாது. நசுக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அடிமண்ணோடு சேர்த்து இரையை உறிஞ்சும், ஒவ்வாததை அப்படியே ஊதித் துப்பிவிடும். முள் அதன் உதட்டில் தைக்கக் கிடைப்பது அந்த ஒரு கணம்தான். முள்ளில் இரையைக் குத்தினால் அதன் கூர்முனை இரைக்குள் புதைந்துவிடும். லென்னி மிடில்டன், கெவின் மடாக்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் இதற்கு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோத்தார்கள். முதல் சோதனைகளில் அந்த இழை மனிதத் தலைமுடி. அதனாலேயே அதற்கு 'ஹேர் ரிக்' என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் இந்த முறை வெளியே தெரிந்தபின் கெண்டை பிடிக்கும் கலையே மாறிப்போனது.

ஆகவே முதல் செலவு நல்ல முள்ளுக்கு. முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியது. தொடங்குபவருக்கு 8 அல்லது 10ஆம் எண் போதும். எதிர்முள் இல்லாத வகையைத்தான் பல குளங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. அது மீனின் வாயிலிருந்து எளிதில் கழலும். கூர்மையைச் சோதிக்க முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்தால் போதும். கீறினால் நல்ல முள். வழுக்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அடுத்தது நரம்பு. 12 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் நரம்பு திறந்த குளத்துக்குப் போதும். பாசியும் வேர்களும் அடர்ந்த இடம் என்றால் 15 பவுண்டு. நைலான் சற்று நீண்டு கொடுப்பதால் மீன் திடீரென இழுக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பின்னல் நரம்பு அப்படி நீளாது. பல குளங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. வெயிலும் உராய்வும் நைலானைப் பலவீனமாக்கும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது. முடிச்சை இறுக்கும் முன் ஈரப்படுத்த வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உராயும் சூட்டிலேயே நரம்பு கெட்டுவிடும்.

ஈயக்குண்டைப் பொருத்தும் விதத்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. நரம்பு அறுந்துபோனால் குண்டு தானாகக் கழன்று விழும்படி ஒரு கிளிப் விற்கிறார்கள். விலை மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் மீன் குண்டை இழுத்துக்கொண்டே பாசியில் சிக்கிச் சாகும்.

ரீலுக்கு வருவோம். கெண்டை இரையோடு ஓடும் வேகத்தில் கரையில் வைத்த ராட்டையே தண்ணீருக்குள் இழுத்துவிடும். பின்பக்கம் ஒரு சிறு நெம்புகோலை மாற்றினால் நரம்பு தடையின்றி ஓடும் வகை ரீல் இதற்காகவே வந்தது. ஷிமானோ நிறுவனம் அதற்கு வைத்த 'பெய்ட்ரன்னர்' என்ற பெயரையே பலரும் இன்று எல்லா நிறுவனங்களின் ரீலுக்கும் சொல்கிறார்கள். நடுத்தர அளவு போதும். நூறு மீட்டருக்கு அப்பால் வீசும் ராட்சத ரீல் தொடக்கத்தில் தேவைப்படாது. கெண்டை பெரும்பாலும் கரையோரத்திலேயே மேயும்.

கடைசியாகத்தான் ராட். அதன்மேல் 2.75 பவுண்டு என்பது போல ஓர் எண் எழுதியிருக்கும். அடிப்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனி செங்கோணத்துக்கு வளையும்வரை இழுக்கத் தேவைப்படும் எடை அது. வாக்கரின் மூங்கில் ராட்டுக்கு அது ஒன்றரை பவுண்டுதான். அதிலேயே 20 கிலோ மீன் கரையேறியது. எண் பெரிதானால் தொலைவாக வீசலாம், ஆனால் கரையோரத்தில் போராடும் மீனின் வாயிலிருந்து முள் பிய்ந்து வரும். 12 அடி நீளம், 2.5 முதல் 2.75 பவுண்டு வரை என்பது புதியவருக்குப் பொருத்தமான அளவு. ஒன்று வாங்கினாலே போதும். கரையோரத்தில் தக்கை போட்டுப் பிடித்தால் அலாரமும் வேண்டாம். பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணே போதும்.

ரீலுக்கும் ராட்டுக்கும் முன்பே, மீனைத் தூக்க ஒரு மீட்டர் அகலமுள்ள வலையும், கரையில் கிடத்த ஒரு மெத்தையும் வாங்க வேண்டும். பிரிட்டனில் பிடித்த கெண்டையை எடை பார்த்து மீண்டும் தண்ணீரில் விடுவதே வழக்கம். அதனால் ஒரே மீனைப் பலர் பலமுறை பிடிக்கிறார்கள், பெயரும் வைக்கிறார்கள். கென்ட் பகுதியின் கானிங்புரூக் ஏரியில் 30 கிலோவைத் தாண்டிய 'டூ-டோன்' 2010இல் இறந்தபோது செய்தித்தாள்களே எழுதின. மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலம் நோயைத் தடுக்கிறது. சரளைக்கல்லில் புரண்டால் அது உரிந்துபோகும். மெத்தையை முதலில் நனைத்து, மீனை முழங்காலிட்டுப் பிடிக்க வேண்டும். நின்றபடி தூக்கிக் கீழே போட்டால் உள்ளுறுப்பு நசுங்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்தில் 13 வயது ஆனவர்கள் உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. 13 முதல் 16 வரை அது இலவசம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டை பிடிக்கத் தடை.

இந்தக் கெண்டை தமிழர்களுக்கும் புதிதல்ல. 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு ஊட்டியில் விடப்பட்ட சாதாக் கெண்டையும் இதே இனம்தான்.

கடைக்குப் போகும் புதியவர் முள், நரம்பு, கிளிப், வலை, மெத்தை, ரீல், ராட் என்ற வரிசையில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளட்டும். கையில் இருப்பது எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் ராட்டைப் பழையதாக வாங்கலாம், நண்பரிடம் இரவலும் கேட்கலாம். முள்ளையும் நரம்பையும் மட்டும் புதிதாக வாங்குங்கள். மெத்தை இல்லாமல் குளக்கரைக்குப் போகாதீர்கள்.