முன் சக்கரத்துக்குள்ள ஒரு புராஜெக்ட்!

ஃபோர்க்கே இல்லாத பைக் பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு இன்ஜினீயரிங் மாணவரின் தீசிஸ்!

காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலை பக்கம் பைக்கில் போறீங்க. திடீர்னு குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ. சடார்னு முன் பிரேக்! வண்டியோட மூக்கு அப்படியே குனியும். உங்க வெயிட் மொத்தமும் கைக்கு வரும். ஃபோர்க் ஏற்கெனவே பாதி அமுங்கிடுச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தா... 'டங்'!

தப்பு உங்க மேல இல்ல பாஸ். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற அந்த ரெண்டு குழாய் இருக்கே, டெலஸ்கோபிக் ஃபோர்க், அது தனி ஆளா மூணு வேலை பார்க்குது. வண்டியைத் திருப்பணும், குலுக்கலைத் தாங்கணும், பிரேக் பிடிச்சா வர்ற விசையையும் சமாளிக்கணும்.

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரை நினைச்சுப் பாருங்க. இழுக்கிறது வடம் பிடிக்கிறவங்க வேலை. திருப்புறதும் நிறுத்துறதும் முட்டுக்கட்டை போடுறவங்க பொறுப்பு. இதே மாதிரி பைக்லயும் வேலையைப் பிரிச்சுக் கொடுத்தா?

கொடுத்திருக்காங்க! பேரு 'ஹப் சென்டர் ஸ்டீயரிங்'.

எப்படி வேலை செய்யுது?

பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம் தெரியும்தானே? அதே மாதிரி ஒண்ணு முன்னாடியும் இருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து படுக்கை வாட்டில் நீண்டு, முன் அச்சைப் பிடிக்கும். சக்கரத்தோட மையத்தில், ஹப்புக்குள்ளேயே செங்குத்தா ஒரு 'கிங் பின்'. சக்கரம் இடம், வலம் திரும்புறது அதில்தான். ஹேண்டில்பாரிலிருந்து வர்ற ராடுகள் அதைத் திருப்பும். பிரேக் விசை பெரும்பாலும் ஸ்விங் ஆர்ம் வழியா நேரா சேஸிஸுக்குப் போயிடும். மூக்கு குனியறது ரொம்பக் குறையும்.

ஐடியா ரொம்பப் பழசு. கார்ல் நெராச்சர் வடிவமைச்ச 'நெர்-எ-கார்', 1921-லேயே அமெரிக்காவில் இப்படித்தான் ஓடுச்சு.

தீசிஸ் டு ஷோரூம்

1980-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழக மாணவர் பியர்லூயிஜி மார்க்கோனி, இதையே தன் தீசிஸுக்கு எடுத்துக்கிட்டார். ரிமினி நகரத்து பிமோட்டா கம்பெனி அவருக்குக் கதவைத் திறந்தது. வருஷக்கணக்கில் உழைச்சு, 1990-களின் தொடக்கத்தில் டுகாட்டி இன்ஜினோட விற்பனைக்கு வந்தது 'டெசி 1டி'. இத்தாலிய மொழியில் 'டெசி'ன்னா என்ன அர்த்தம் தெரியுமா? தீசிஸ்!

அப்புறம் ஏன் நம்ம தெருவில் இந்த வண்டி இல்லை? விலை எக்கச்சக்கம். ஸ்விங் ஆர்முக்கு நடுவில் சக்கரம் கொஞ்சம்தான் திரும்ப முடியும், அதனால யூ டர்ன் அடிக்க அகலமான ரோடு வேணும். ராடு, ஜாயின்ட்னு நிறைய இருக்கிறதால அதில் லேசா 'ப்ளே' விழுந்தாலும் ஹேண்டில்பாரில் ரோடு தெரியாது. டெலஸ்கோபிக்கோ சீப், சிம்பிள், எல்லாருக்கும் பழகின கை.

ஆனாலும் பிமோட்டா விடலை. 2019-ல் கவாஸாகியோடு கைகோத்து 'டெசி எச்2' காட்டினாங்க. அதே பிமோட்டா 2025-ல் உலக சூப்பர்பைக் ரேஸுக்குக் கொண்டு வந்த 'கேபி998'-ல் இருக்கிறது... டெலஸ்கோபிக் ஃபோர்க்தான்!

நம்ம பக்கம்?

முன்னாடி ரெண்டு குழாய்தான் இருக்கணும்னு சட்டமில்லை. பழைய பஜாஜ் சேத்தக் எங்கேயாவது நின்னா குனிஞ்சு பாருங்க, சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும்தான் பிடிச்சிருக்கும். சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2024-ல் மிலானில் காட்டின 'ஃப்ளையிங் ஃப்ளீ சி6' எலெக்ட்ரிக் பைக்கில், அந்தக் காலத்து கர்டர் ஃபோர்க் புது அலுமினிய உடம்போட திரும்ப வந்திருக்கு.

இப்ப மேட்டருக்கு வருவோம். ஃபைனல் இயர் வந்தாலே ரெடிமேட் புராஜெக்ட் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்னு விசாரிக்கிற கூட்டம் எல்லா காலேஜ்லயும் உண்டு. காசு கொடுத்தா மாடலும் ரெக்கார்டும் வந்துடும். 'ஏன் இப்படிச் செஞ்சீங்க?'ன்னு வைவாவில் கேட்டா வாய் வராது. நம்ம ஊர்ல அரியமங்கலம், துவாக்குடி பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ரெண்டு சைக்கிள் சக்கரம், நாலு பைப் வாங்கி நாமே ஒரு மாடல் வெல்டிங் பண்ணிப் பார்க்கலாம். முன் சக்கரம் சரியா திரும்பலைன்னாலும் பரவாயில்லை ஃப்ரெண்ட்ஸ்... ஏன் திரும்பலைன்னு சொல்லத் தெரிஞ்சா போதும், அதுதான் உங்க தீசிஸ்!