ஆகாயத்தில் இருந்து முணுமுணுப்பு! பக்கத்து மாடியில் இருந்து கூச்சல்!

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இரவு 8 மணிக்கு நடந்து போனால் வீட்டுக்கு வீடு தமிழ் கேட்கும். ஒரு வீட்டில் செய்தி. ஒரு வீட்டில் தொடர். இன்னொரு வீட்டில் பழைய படப் பாட்டு.

அந்தத் தமிழ் சென்னையில் இருந்து ரெயிலேறி வரவில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்குப் போய், அங்கிருந்து மும்பைக்கு இறங்குகிறது. போய்ச் சேரக் கால் வினாடி.

அது இறங்கும் பாதையை ஒட்டி இப்போது ஒருவர் புதிதாகக் குடி வந்திருக்கிறார். அவர்தான் நம் செல்போனுக்கு வரும் 5ஜி அலை.

அன்று பட்டினி

1972 அக்டோபர் 2-ந் தேதி பம்பாயில் டெலிவிஷன் தொடங்கியது. ஆனால் தமிழனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போட்டார்கள். இந்த வாரமாவது தமிழ் வருமா என்று காத்திருந்தவர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ பேர்!

1991-ல் வளைகுடாப் போர் வந்தது. போரை நேராகப் பார்க்கும் ஆசையில் மொட்டை மாடிகளில் பெரிய பெரிய டிஷ்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14-ந் தேதி சன் டி.வி. பிறந்தது. பிறகு இந்த ஊர்த் தமிழனுக்குப் பட்டினி இல்லை.

2012 நவம்பரில் மும்பையில் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் ஆயிற்று. தெருவுக்குத் தெரு இருந்த டிஷ்கள் குறைந்தன. கேபிள் கம்பெனியின் கண்ட்ரோல் ரூம் மாடியில் இருக்கும் டிஷ்தான் இப்போது எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கிறது. அங்கே ஒரு டிஷ் முடங்கினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தச் சானல் இருட்டு!

நடுவில் ஒரு தடுப்பு

கண்ட்ரோல் ரூம் டிஷ் வாங்கும் அலை 3,700 முதல் 4,200 மெகா ஹெர்ட்ஸ் வரை. மழை இதை அதிகம் பாதிக்காது. மும்பை மழையைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஜூலை மாதத்தில் கொட்டு கொட்டென்று கொட்டினாலும் படம் நிற்கும்.

2022 ஜூலை கடைசியில் மத்திய அரசு 5ஜி அலைகளை ஏலம் விட்டது. எல்லா அலைகளும் சேர்ந்து ஒரு லட்சத்து 50 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் போயின. அதில் முக்கியமானது 3,300 முதல் 3,670 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. அக்டோபர் 1-ந் தேதி 5ஜி தொடங்கியது. முதலில் வந்த ஊர்களில் மும்பையும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,670-ல் ஒருவர் முடிகிறார். 3,700-ல் மற்றவர் ஆரம்பிக்கிறார். நடுவில் வெறும் 30. இன்னும் அதிக இடைவெளி வேண்டும் என்று டி.வி. கம்பெனிகள் கேட்டன. கிடைக்கவில்லை.

லோக்கல் ரெயிலில் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புதான். டிக்கெட் வேறு, இடம் வேறு. ஆனால் இந்தப் பக்கம் பஜனை நடந்தால் அந்தப் பக்கம் கேட்காமல் போகுமா?

13 ஆயிரம் கோடி மடங்கு

செயற்கைக் கோள் ஒரு சானல் கூட்டத்தை அனுப்பச் செலவிடும் சக்தி சில பத்து வாட்தான். நம் வீட்டு பல்பு மாதிரி! அது 36 ஆயிரம் கிலோ மீட்டர் கடந்து வருகிறது. செல்போன் கோபுரமோ 100 மீட்டர் தள்ளிப் பக்கத்து மாடியில் நிற்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். இந்தக் கணக்குப்படி, இரண்டும் ஒரே சக்தியில் பேசினால்கூடக் கோபுரத்தின் குரல் சுமார் 13 ஆயிரம் கோடி மடங்கு பெரிதாக இருக்கும்.

டிஷ்சின் முகத்தில் 'எல்.என்.பி.' என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். முணுமுணுப்பைப் பெரிதாக்குவது அதன் வேலை. பழைய பெட்டிகள் பல 3,400-ல் இருந்தே காதைத் திறந்து வைத்திருப்பவை. கூச்சல் உள்ளே நுழைந்தால் பெட்டி திக்குமுக்காடிவிடும். தன் அலையைக்கூட அதனால் கேட்க முடியாது. படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு உறைந்து நிற்கும்.

ஓர் ஆறுதல் உண்டு. செயற்கைக் கோள்கள் மும்பைக்கு ஏறக்குறையத் தலைக்கு மேலே இருக்கின்றன. ஆகையால் டிஷ் நிமிர்ந்து பார்க்கிறது. கோபுரத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் பக்கவாட்டில் கசிவதைத் தடுக்க, எல்.என்.பி.க்கு முன்னால் ஒரு பில்டர் மாட்ட வேண்டும். பார்த்தால் வெறும் உலோகக் குழாய். 3,700-க்குக் கீழே வருவதை வெளியே நிறுத்திவிடும்.

செலவு யாருடையது? அமெரிக்காவிலும் இதே அலையில் ஒரு பகுதியை ஏலம் விட்டார்கள். சீக்கிரம் இடத்தைக் காலி செய்ய, செயற்கைக் கோள் கம்பெனிகளுக்கு 970 கோடி டாலர் வரை தர ஏற்பாடு ஆயிற்று. அதை அலை வாங்கியவர்களே கொடுத்தார்கள். இங்கேயும் விற்றவரும் வாங்கியவரும்தான் தர வேண்டும், சின்னக் கேபிள்காரர் தலையில் கட்டக்கூடாது என்பது என் கட்சி. அவர் தலையில் கட்டினால் அது மாதச் சந்தாவில் நம் தலைக்கு வரும்.

5ஜி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் போனில் பார்ப்பதும் அந்த அலையில்தானே!

4,200-க்கு மேலே விமானங்கள் தரையில் இருந்து தம் உயரத்தை அளக்கும் அலை இருக்கிறது. அந்தப் பயத்தில் 2022 ஜனவரியில் ஏர் இந்தியா தன் மும்பை - நெவார்க் விமானத்தையே ஒரு நாள் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், ஓடுபாதையின் இரு முனைகளில் இருந்து 2.1 கிலோ மீட்டருக்குள் இந்த 5ஜி கோபுரம் வைக்கக்கூடாது என்று இங்கே உத்தரவு வந்தது. விமானத்துக்கு எல்லை போட்ட மாதிரி டிஷ்சுக்கும் போடலாமே?

உங்கள் வீட்டில் படம் உடைந்தால்...

வீட்டுக் கூரையில் சின்ன டிஷ் வைத்திருப்பவர்கள் 5ஜி மீது பழி போட வேண்டாம். அது வாங்குவது 11 ஆயிரம் மெகா ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலை. மழையில் அது மங்குவது இயற்கை.

கேபிள் வைத்திருப்பவர்கள் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் ஒயரோ பாக்சோ கெட்டிருக்கும். வானம் வெளுத்திருக்கும்போது, தெரு முழுக்க, அதே சில சானல்கள் மட்டும் உடைந்தால் கோளாறு மேலே இருக்கிறது. எந்தச் சானல், எத்தனை மணிக்கு என்று குறித்துக் கேபிள்காரரிடம் கொடுங்கள். மத்திய தொலைத் தொடர்புத் துறையில் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவு ஒன்று உண்டு. எந்த அலை எங்கிருந்து கசிகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அங்கே புகார் செய்யக் கண்ட்ரோல் ரூம்காரருக்கு அந்தச் சீட்டு உதவும்.