படமெடுப்பது எல்லாம் நாகமா?

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் பழமொழி அல்ல. கோழிக்கூண்டின் பக்கம் ஒரு பாம்பு கழுத்தை உப்பித் தலையைத் தூக்கினால் போதும். "நாகம்!" என்று குரல் எழும், பாராங் கத்தி கைக்கு வரும். அப்படி வெட்டுப்பட்டுச் சாவதில் சாரையும் உண்டு.

சாரை ஏன் நாகத்தைப் போல் நிற்கிறது? கோபத்தால் அல்ல, பயத்தால். ஆளைக் கொல்லும் விஷம் அதற்கு இல்லை. மனிதரைக் கண்டதும் ஓடி ஒளிவதே அதன் குணம். வழி அடைபட்டால்தான் கழுத்தை உப்பி, உறுமுவது போல் ஒலி எழுப்பி, பாய்ந்து கடிக்கப் பார்க்கும்.

வேறுபாடு கழுத்தில் இருக்கிறது. நாகம் தன் விலா எலும்புகளை இரு பக்கமும் விரிப்பதால் படம் அகலமாக, தட்டையாகத் தெரியும். சாரையின் கழுத்து அப்படி விரியாது. பக்கவாட்டில் ஒடுங்கி, மேலும் கீழுமாகப் புடைக்கும். சாரைக்குக் கண்களும் பெரியவை.

மலேசியாவில் காணப்படும் ஒரு சாரையின் முன்னுடல் வெறும் பழுப்பாக இருக்கும்; வால் பக்கம் செதில்களின் கறுப்பு ஓரங்கள் வலை பின்னியது போல் தெரியும். செம்பு நிறத் தலையுள்ள இன்னொரு வகைக்குக் கண்ணிலிருந்து மூன்று கறுப்புக் கோடுகள் கிளம்பும். இது வாயைப் பிளந்து மிரட்டும். பலிக்காவிட்டால் மல்லாந்து செத்தது போலவும் கிடக்கும்.

சாரையும் நாகமும் பிணைந்தாடும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கும் மல்யுத்தம்.

செம்பனைப் பழத்தைத் தின்பதும், சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலைப் பரப்புவதும் எலிகள். அந்த எலிகளைத் தின்பது சாரை. அதை அடித்துக் கொன்றால் லாபம் எலிக்குத்தான்.

ஆனால், அடையாளம் பார்க்கிறேன் என்று அருகில் போகக்கூடாது. இங்குள்ள நாகங்களில் கண்ணைக் குறிவைத்து விஷம் பீய்ச்சும் வகையும் உண்டு. சந்தேகம் வந்தால் நாகம் என்றே எண்ணி விலகுங்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். பாம்பு போக வழிவிடுங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் 999க்கு அழையுங்கள். கடிபட்டவருக்கோ, "சாரைதானே" என்ற சமாதானம் வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தப் பாம்பு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.