பந்தி விசாரிக்கும் ரவுட்டர்

ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாசல். ஒன்று தெருப்பந்தலுக்கும் மற்றொன்று உள்கூடத்துக்கும் திறக்கிறது. பந்தல் தெருக்கோடி வரை நீள்கிறது. ஆனால் முழங்கை இடிக்காமல் மூன்றே வரிசைதான் போட முடியும். பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களும் அதே வரிசைகளில்தான் உட்கார வேண்டும். கூடத்திலோ இருபதுக்கும் மேல் வரிசை. இலை பெரிது, பரிமாறுகிறவரின் கையும் வேகம். ஆனால் கூடம் நான்கு சுவருக்குள் முடிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர்தான் அந்தச் சமையற்கட்டு. பந்தல் 2.4 கிகாஹெர்ட்ஸ், கூடம் 5 கிகாஹெர்ட்ஸ். வருகிற போனையும் லேப்டாப்பையும் கூடத்துப் பக்கம் அனுப்பிவைக்கும் வேலைக்கு ‘பேண்ட் ஸ்டியரிங்’ என்று பெயர். சில ரவுட்டர்களின் மெனுவில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்று இருக்கும்.

எந்த இடம் எவ்வளவு பெரிது?

2.4-இல் இருக்கும் மொத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள், அதாவது பந்தலின் வரிசைகள், வழக்கமாக 1, 6, 11 என்ற மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்தியா 2018 அக்டோபரில் அறிவித்தது. ஏழு மடங்குக்கும் மேல்.

பந்தலின் நெரிசலைச் சமையலறையிலேயே பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பும் சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. பழைய குழம்பை அதில் வைத்துச் சூடுபண்ணும்போது கதவிடுக்கில் கசியும் அலை மிகக் கொஞ்சம். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் 2.4-இல் ஓடும் வீடியோ அழைப்பைத் திக்க வைக்க அது போதும். தட்டு சுழல்வது நின்றதும் திரையில் முகம் தெளிந்துவிடும். 5-இல் இருக்கும் போனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கைகாட்டுவது எப்படி?

எங்கே உட்காருவது என்பதை முடிவு செய்வது விருந்தாளி. வைஃபையிலும் எந்த அலைவரிசையில் சேருவது என்று தீர்மானிப்பது போன்தான். 2.4-இன் சிக்னல் பெரும்பாலும் வலுவாகத் தெரிவதால், போன் பந்தலிலேயே உட்கார்ந்துவிடக்கூடும். ரவுட்டர் கையைப் பிடித்து இழுக்க முடியாது. பந்தி விசாரிக்கிறவர்போல் பக்குவமாகத்தான் நகர்த்த வேண்டும்.

முதல் படி, ஆளை அடையாளம் காண்பது. வீட்டுக்குள் வரும் போன், ‘இங்கே யார் இருக்கிறீர்கள்?’ என்று இரண்டு வாசலிலும் குரல் கொடுக்கும். அந்தக் குரலை 5-லும் கேட்டுவிட்டால், இது கூடத்தில் உட்காரக்கூடிய ஆள் என்று ரவுட்டர் குறித்துக்கொள்ளும். இன்றைய போன்கள் தனியுரிமைக்காகத் தேடும்போது தங்கள் அடையாள முகவரியை மாற்றி மாற்றிச் சொல்வதால், இந்தக் கணக்கு சில சமயம் தப்பும்.

இரண்டாவது படி, மௌனம். அதே போன் 2.4-இல் கேட்டால் ரவுட்டர் சற்று நேரம் பதில் சொல்லாது. 5-இல் உடனே சொல்லும். போன் பிடிவாதமாக 2.4-லேயே திரும்பத் திரும்பக் கேட்டால் இடம் கொடுத்துவிடும். யாரையும் பட்டினி போடக் கூடாதல்லவா?

மூன்றாவது படி, உட்கார்ந்தவரை எழுப்பிக் கூப்பிடுவது. 2011-இல் வந்த 802.11வி என்ற தரவிதிப்படி, ‘கூடத்தில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா?’ என்று ரவுட்டர் அழைப்பு அனுப்பும். போன் மறுக்கலாம். மறுத்தால் சில ரவுட்டர்கள் இணைப்பையே துண்டித்து மறுபடி சேர வைக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை எடுப்பது போன்ற செயல் இது. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துபோகும்.

நான்காவது படிதான் நல்ல ரவுட்டருக்கு அடையாளம்: விட்டுக்கொடுப்பது. போனோடு நீங்கள் கடைசி அறைக்குப் போகிறீர்கள். இடையில் இரண்டு செங்கல் சுவர். 5-இன் சிக்னல் மைனஸ் 50 டெசிபல்-மில்லிவாட்டிலிருந்து மைனஸ் 75-க்குச் சரிகிறது. அந்தத் தூரத்தில் கூடத்துச் சாப்பாடு இலைக்கு வந்து சேராது. அப்போது போனைப் பந்தலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை வையுங்கள். இல்லாவிட்டால் போனுக்கு அவை இரண்டு வெவ்வேறு வீடு. வேகம் வேண்டுமே என்று 2.4-ஐ அணைத்துவிடாதீர்கள். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் எனப் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். படியேற முடியாத பெரியவர்களுக்குப் பந்தலில் இடம் வைப்பது நம் வழக்கம். அப்படிப்பட்ட பல்பு முதல் தடவை இணைய மறுத்தால், ஸ்டியரிங்கைச் சிறிது நேரம் நிறுத்தி, இணைத்தபின் மறுபடி போடுங்கள். நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவிக்குக் கேபிள் இழுத்துவிட்டால் பந்தியில் ஓர் இடம் மிச்சம்.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைத்திருந்தால், இன்றே வெளியே எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். அடுப்பு நடுவில் இருந்தால்தான் எல்லா இலைக்கும் சோறு சூடாகப் போய்ச்சேரும்.