மோட்டார் சைக்கிளின் குளிர்காலப் பாதுகாப்பு

கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற பனிப்பொழிவு மிகுந்த பகுதிகளில் மோட்டார் சைக்கிள்கள் பல மாதங்கள் ஓட்டப்படாமல் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இக்காலத்தில் தாங்கியில் தேங்கும் பெட்ரோல் கெடுவது, வசந்த காலத்தில் இயந்திரம் இயங்க மறுப்பதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

எரிபொருள் கெடும் விதம்

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் கூறுகள் முதலில் வெளியேறுவதால் இயந்திரத்தைக் கிளப்புவது கடினமாகிறது. எஞ்சிய பெட்ரோல் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசின் போன்ற படிவை உண்டாக்குகிறது. இப்படிவு கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பாலும் 10% வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. இத்தகைய பெட்ரோலில் நீரின் அளவு ஏறத்தாழ 0.5% ஐத் தாண்டினால், நீரும் எத்தனாலும் தனி அடுக்காகப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும். குளிர் மிகும்போது இதனினும் குறைந்த நீரிலேயே இப்பிரிவு நிகழும். இவ்வடுக்கு எஃகுத் தாங்கியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

தடுக்கும் முறைகள்

- புதிய பெட்ரோலால் தாங்கியை ஏறக்குறைய முழுமையாக நிரப்புதல். காற்றிடம் குறைவதால் உள்ளே ஈரம் படிவதும் குறையும்.
- எரிபொருள் நிலைப்படுத்தியை உரிய அளவில் கலந்து, இயந்திரத்தைச் சுமார் 10 நிமிடம் இயக்குதல். இதனால் கலவை எரிபொருள் பாதை முழுவதும் பரவும்.
- கார்புரேட்டர் உள்ள வண்டிகளில், பெட்ரோல் வரத்தை அடைத்துவிட்டு மிதவைக் கிண்ணத்தை வடித்தல்.

இயந்திரத்தைத் திறந்த வெளியிலேயே இயக்குதல் வேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது.

நிலைப்படுத்தி பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்துமேயன்றி, கெட்டுவிட்ட பெட்ரோலை மீட்காது. ஆகவே அதை வண்டியை நிறுத்துமுன்பே சேர்த்தல் வேண்டும். அடுக்காகப் பிரிந்துவிட்ட பெட்ரோலை முழுவதும் வடித்து அகற்றுவதே வழியாகும்.