மிக்சர் பேசும் மொழி

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

'மிக்சர்' என்றதும் தோழியர் பலருக்கு நாவில் நீர் ஊறும். நான் கூற வந்தது தீபாவளிப் பட்சணத்தைப் பற்றி அன்று! பல மைக்குகளில் இருந்து வரும் ஓசைகளைத் தக்க அளவில் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவிக்கும் அதே பெயர்தான். மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒன்றையொன்று அமுக்காமல் கேட்பதற்கு இதுவே துணை.

இன்றைய டிஜிட்டல் மிக்சரைக் கடைசி வரிசையில் அமர்ந்தபடியே கைக்கணினியால் இயக்கலாம். சில மிக்சர்களில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 'ஃபேடர்' என்ற தள்ளுபிடிகூடக் கிடையாது, வெறும் பெட்டிதான். கணினியும் மிக்சரும் பேசிக்கொள்ளும் முறைக்கு 'நெறிமுறை' என்று பெயர். தயாரித்தவர்கள் அதைச் சொல்லாமல், புதிய கணினிகளுக்கான மென்பொருளையும் நிறுத்திவிட்டால், பழுதில்லாத மிக்சரும் பயனற்றுப் போகும். பார்வையற்றோருக்காகப் பேசும் மென்பொருள் எழுத விரும்புவோருக்கும் வழி அடைபடும்.

அப்போது செய்திகளைக் கவனித்து விதிகளை நாமே கண்டறிய வேண்டும். இதுவே பின்னோக்குப் பொறியியல்.

இம்முறை நமக்குப் புதிதன்று. மதுரைப் பக்கத்துக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளின் பொருள் நெடுநாள் சரிவர விளங்கவில்லை. அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் எடுத்துரைத்தார். வடமொழியில் இல்லாத ழ, ற, ன போன்ற ஒலிகளுக்கு அங்கு எழுத்துகள் இருந்தது அவருக்கு நல்ல துப்பாயிற்று.

மிக்சரிலும் அப்படியே துப்புத் தேடலாம். 2012இல் வெளிவந்த பெரிங்கர் எக்ஸ்32 மிக்சரை எடுத்துக்கொள்வோம். கம்பியில் செல்லும் செய்திகளைக் காட்ட 'வயர்ஷார்க்' என்ற இலவச மென்பொருள் உண்டு. கைக்கணினியில் முதல் சேனலின் ஃபேடரை மட்டும் சிறிது நகர்த்தினால் 28 பைட்டுள்ள செய்தி ஒன்று செல்லும். மறுபடியும் நகர்த்தினால் முதல் 24 பைட்டுகள் மாறுவதில்லை. கடைசி 4 மட்டுமே மாறும். ஆகவே அளவு அங்கேதான் இருக்கிறது! இரண்டாம் சேனலை நகர்த்தினால் முற்பகுதியில் 01 என்பது 02 ஆகும். ஆகவே அது முகவரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஆய்வுக்கூடப் பாடமே இங்கும் உதவுகிறது. செய்தியின் இந்த அமைப்பு, 1997இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல்' முறையாகும்.

அளவு 0 முதல் 1 வரை செல்லும். 1 என்றால் 10 டெசிபல் கூடுதல்; 0.75 என்றால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, 0.5 என்றால் 10 டெசிபல் குறைவு, 0.25 என்றால் 30 டெசிபல் குறைவு. கீழே போகப் போக அதே நகர்வுக்கு ஒலி அதிகமாகக் குறைவதைக் காண்க. மாற்றங்களை எனக்குத் தெரிவி என்று மிக்சரிடம் கேட்டால் 10 விநாடிகளுக்கு மட்டுமே தெரிவிக்கும். பின்பு மீண்டும் கேட்க வேண்டும். இத்தகைய விதிகள் பலவற்றைப் பயன்படுத்துவோரே பொறுமையுடன் தொகுத்துள்ளனர்.

இது திருட்டாகாதா என்று சிலர் கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், தன் 52ஆம் பிரிவில் இதற்கு இடம் தருகிறது. மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், தனியே எழுதிய வேறொரு மென்பொருள் அதனுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைத் தேடலாம். அத்தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காததாக இருக்க வேண்டும். பிறர் கருவியில் அனுமதியின்றிக் கைவைப்பதோ, கச்சேரி நடக்கையில் சோதிப்பதோ தகாது.

விலை கொடுத்து வாங்கிய பொருளும் அதன் மொழி தெரிந்தால்தான் முழுமையாக நம்முடையதாகும். அம்மொழியைக் கற்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை, தோழியரே! கூர்ந்த கவனமும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் போதும்.